இடிதாங்கியின் கடைசித் தட்டுகள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல்தான் விட்டபாடில்லை. உங்கள் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. போன வாரம் எடுத்தீர்கள். நான் "அண்ணி" என்றதும் வைத்துவிட்டீர்கள். கோபம் என்றால் நியாயம்தான். நவம்பரில் அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று, அத்தனை பேர் முன்னால் அம்மா உங்களைப் பார்த்து, "ராவும் பகலும் அந்தச் சத்தத்துக்குள்ளயே கெடந்தான். பக்கத்துல இருந்தவ ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டிருக்கக் கூடாது. தூக்கத்தில் மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததற்கும் டெக்னோ நடன இசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னதை நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெற்ற வயிறு, யார் மேலாவது பழியைப் போட்டால்தான் ஆறும் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் அங்கே ட்ராக் செய்து அனுப்புவதும், நான் இங்கே வேலை பார்க்கும் இசைத்தட்டு ஆலையில் அதை முந்நூறு பிரதி அச்சடித்து நடன அரங்குகளின் டிஜேக்களுக்கு அனுப்புவதுமாக ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. மார்ச்சில் ஆலையில் தட்டு அச்சடிக்க நமக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அண்ணனே கேட்டு வாங்கிய இடம். ரத்து செய்யக் கை வரவில்லை. அவர் கணினியில் முடித்த ட்ராக் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பீர்களா? இருந்தால் வழக்கம்போல வெள்ளை உறையில் 'இடிதாங்கி' என்ற அவர் பட்டப்பெயரை முத்திரை குத்தி அனுப்பிவிடலாம். இல்லையென்றாலும் குற்றமில்லை.

பதில் போடுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தை இருமலை அப்படியே விட வேண்டாம். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கோபமெல்லாம் இல்லை. போனில் உங்கள் குரல் அப்படியே அவர் குரல். நேரில் முகத்தைப் பார்த்துப் பேசும்போது அது தெரிவதில்லை. அன்று போனை எடுத்ததும் அவர் என்னை "அண்ணி" என்று கூப்பிடுவதுபோல் இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வைத்துவிட்டேன். கடிதமே போதும்.

கண்ணாடிக் கடைக்கு மறுபடி போகிறேன். வருகிறவர்கள் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்துப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் உங்கள் அண்ணன் ட்ராக்கைப் போட்டுவிட்டு என்னை இதே கேள்விதான் கேட்பார். "இது நல்லாருக்கா, முன்னாடி இருந்தது நல்லாருக்கா?" இப்போது வீட்டில் கேள்வி கிடையாது.

கணினியைத் திறந்து பார்த்தேன். பாதியில் நிற்பவைதான் அதிகம். ஒன்று மட்டும் ஏறக்குறைய முடிந்தாற்போல் இருந்தது. பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்டுப் பாருங்கள். சரியில்லையென்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? அம்மாவின் நெஞ்சைப் படம் எடுத்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, வெறும் சளி. நீங்கள் சொன்னதாகச் சொல்லவில்லை. ஆனால் "இவ்ளோ யோசனை உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தட்டு வந்துவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தி, ஓரத்தைச் சீவி எடுக்கிறவரை நானே பக்கத்தில் நின்றேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. முதலில் வந்த சோதனைத் தட்டை வீட்டுக்கு எடுத்து வந்து போட்டேன்.

அம்மாவைப் பற்றித்தான் தெரியுமே. ஒன்பது வருஷத்தில் அண்ணன் தட்டு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டவள் இல்லை. "இது பாட்டா, இல்ல மாவு மெஷினா?" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அன்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. "எம்புள்ள வெளிய நின்னு கதவத் தட்டுற மாதிரி இருக்குடா" என்றாள். அன்றைக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டே, "அவ எப்படி இருக்காளாம்?" என்றாள். நானாக எதுவும் சொல்லவில்லை, அவளே கேட்டாள்.

பூனை என்று ஒரு டிஜே, உங்களுக்குத் தெரியும், அண்ணனோடு அடிக்கடி வருவானே, ஓசை இல்லாமல் நடப்பவன். அவன் சனிக்கிழமை அரங்கில் இதைப் போட்டான். பேஸ் என்கிற அடித்தொனி நின்று வெறும் தாளம் மட்டும் ஓடுகிற இடத்தில் கூட்டம் ஒரே உடம்பாகக் குதித்தது. யாருக்கும் யார் முகமும் தெரியாத வெளிச்சம். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்து நாளாயிற்று.

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்களேன்.

உங்கள் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கடையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். எல்லார் கண்ணும் ஒரே மாதத்தில் கெட்டுப்போகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும்.

அத்தை சாப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

அவருடைய டிரம் மெஷினை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தூசி தட்டி வைத்தால் கெட்டுப்போகாது.

தேடியதில் இன்னொன்று கிடைத்தது. அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து வலிக்கு என்ன செய்கிறீர்கள்? நாற்காலியின் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். அண்ணனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அறை நாற்காலி அப்படி.

இரண்டாவது தட்டு முந்நூறும் பத்தே நாளில் போய்விட்டது. கடைக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஆலையில் நூறு தட்டுக்கு ஒன்றை எடுத்துக் கீறல் இருக்கிறதா என்று கேட்பது என் வேலை. இதை மட்டும் பத்துக்கு ஒன்றாகக் கேட்டேன். கரும்பு தின்னக் கூலியா?

இரண்டு விஷயம் கவனித்தேன். ஒன்று, இதில் கைதட்டல் ஒலி வருகிறது. அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. "கூட்டம்தான் கை தட்டணும், மெஷின் தட்டக் கூடாது" என்பார். இதில் மெஷின் தட்டுகிறது. அதுவும் நாம் எதிர்பார்க்கிற இடத்துக்கு ஒரு நூல் பிந்தி. நன்றாகவே இருக்கிறது. இன்னொன்று, மேலே சன்னமாக ஒரு டிக் டிக். சின்னக் கண்ணாடித் துண்டுகளை மரப்பெட்டிக்குள் போடுவதுபோல. அதை அண்ணன் எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை.

அம்மா இப்போது சாயங்காலத் தேநீரோடு தட்டையும் கேட்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "செத்தும் சும்மா இருக்க மாட்டேங்கிறான் பாருங்க" என்று பெருமையடிக்கிறாள். சின்ன வயதில் நான் செய்த குறும்புக்கெல்லாம் அண்ணன்தான் முதுகைக் காட்டுவாராம், அதனால் இடிதாங்கி என்று பெயர் வைத்ததே அவள்தானாம். அடித்ததும் அவள்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இன்னும் தேடிப் பாருங்கள் அண்ணி. அவசரமில்லை. தேட எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி


ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

நாற்காலியை உயர்த்தினேன். கழுத்து தேவலை. அத்தைக்கு மழைக்காலத்தில் தரை ஈரம் ஆகாது. செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள்.

அவர் எங்கெங்கோ போய் ஒலி பிடிப்பார். எனக்கு எல்லாம் தெரியாது.

மூன்றாவது ஒன்று அகப்பட்டது. இதில் உள்ளது.

அண்ணி


ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இங்கே ஒரே அமளி. உட்கார்ந்து படியுங்கள்.

மூன்றாவது தட்டைப் பூனை ஒரு பெரிய அரங்கில் போட, அங்கே வந்திருந்த ஓர் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் அவனைத் தேடிப் பிடித்திருக்கிறார். மூன்று தட்டையும் சேர்த்து, நல்ல உறையோடு, பல ஊர்களுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு தொகுப்பாகப் போடுகிறார்களாம். 'இடிதாங்கி: கடைசி ஒலிகள்' என்று தலைப்புகூட வைத்துவிட்டார்கள். அண்ணனின் கடைசிக்காலப் பாணியைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுகிறாராம். டிசம்பரில் அவர் நினைவாக அரங்கில் ஒரு நாள் முழுக்க நடனம்.

கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. இவை மூன்றும் அண்ணன் கையால் செய்யப்பட்டவை, வேறு யாருக்கும் பங்கில்லை என்று மனைவி என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மா அந்த நிகழ்ச்சிக்கு வருகிறாளாம். நடன அரங்குக்கு! அம்மா! என்ன புடவை என்றுகூட முடிவாகிவிட்டது. "அவளையும் வரச் சொல்லு. எம்பக்கத்துல உக்காரட்டும்" என்றாள். அரங்கில் உட்கார இடம் இருக்காது அம்மா என்றேன். "அப்ப எம்பக்கத்துல நிக்கட்டும்."

யோசித்துப் பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான்கு நாளாக நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது. அத்தையின் உடம்பு தேறியிருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கம்பெனிக்காரரிடம் நான் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை.

நிகழ்ச்சிக்கும் நான் வருவதாக இல்லை. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அண்ணி


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்காதீர்கள் என்றால் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய கோப்பில் அது உருவான தேதி இருந்தது. ஜனவரிக் கடைசி. நவம்பரில் போனவர் ஜனவரியில் வந்து உட்கார்ந்து ட்ராக் செய்ய முடியாது. நகல் எடுத்த தேதியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதில் அந்தக் கைதட்டல் வந்ததும் சமாதானம் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியின் சத்தத்தையும் உங்களுக்குப் புரியட்டும் என்றுதான் எழுதினேன். தட்டைக் கேட்டே வயிறு வளர்க்கிறவன் நான். எனக்கே காது குத்தினால் எப்படி அண்ணி?

தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். முதலில் அம்மா. அவள் சாப்பிடுவதைப் பார்த்தபின் எந்த வாயால் சொல்வது? அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நான் சொல்லிவிட்டால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் 'தேடிப் பாருங்கள்' என்று எழுதினேன். 'செய்து அனுப்புங்கள்' என்று எழுதத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தை அனுப்பியபோது நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவீர்களோ என்று ஒரு பயம். போடாவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று இன்னொரு பயம். முதல் பயம் தீர்ந்தது.

மூன்றாவது தட்டு அண்ணன் செய்த எதையும்விட நன்றாக இருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கடைக்கு விடுப்புச் சொன்னேன். வேறொன்றுமில்லை, வீட்டிலேயே இருந்தேன்.

உங்களை ஏமாற்ற நினைத்துத் தொடங்கவில்லை. ஜனவரியில் உங்கள் கடிதம் வந்தபோது தேடியதில், அவர் இரண்டு நிமிடத்துக்குத் தாளமும் பேஸும் போட்டு நிறுத்தியிருந்த ஒன்று கிடைத்தது. அதை அப்படியே அனுப்பலாம் என்றுதான் திறந்தேன். கேட்டதும், அவர் இருந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பார், நான் 'முன்னாடி இருந்ததே நல்லாருக்கு' என்று சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. மாற்றிப் பார்த்தேன். ஒன்பது வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்த்தவளுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பிறகு அத்தை சாப்பிட்டதாக எழுதினீர்கள். பிறகு இன்னொன்று கேட்டீர்கள்.

கணக்குச் சொல்லிவிடுகிறேன். முதல் தட்டில் பாதி அவர். இரண்டாவதில் டிரம் மெஷின் மட்டும் அவருடையது. மூன்றாவதில் நாற்காலி மட்டும்.

துணி மடிக்கும்போது ஓடவிடுவேன். தோள் தானாக அசைந்தால் வைத்துக்கொள்வேன். அசையாவிட்டால் அழித்துவிடுவேன். என் முறை அவ்வளவுதான். கட்டுரை எழுதுகிறவர் இதைக் கடைசிக்காலப் பாணி என்று எழுதியிருந்தால் பாவம்.

அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். வேறு யாருக்கும் பங்கில்லை என்ற வரி வந்தது. மூடிவிட்டேன். அதுவரை அவர் பெயரில் போவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்த ஒரு வரி பிடிக்கவில்லை.

கம்பெனிக்கும் பூனைக்கும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அத்தைக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் காது கொடுக்க மாட்டார்.

நான்காவது ஒன்றை அனுப்பியிருக்கிறேன். இது தேடிக் கிடைத்ததல்ல.

அண்ணி


நவம்பர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? எழுதத் தாமதமாகிவிட்டது. நல்ல சேதியும் மற்றதும் கலந்திருக்கிறது.

கம்பெனி விலகிவிட்டது. மரியாதையாகத்தான் பேசினார்கள். "இறந்தவர்னா சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு. உயிரோட இருக்கிறவங்கன்னா, சார், வரிசை பெருசு" என்றார் அந்த ஆள். நினைவு நிகழ்ச்சியும் இல்லை. பூனையிடம் சொன்னேன். "அண்ணன்னு நெனச்சுக் கண்ணு கலங்கிட்டேனேடா" என்றான். அப்புறம் நான்காவதின் சோதனைத் தட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

போட்டும் விட்டான். அண்ணி, முதல் இரண்டு நிமிடம் அரங்கு கலைந்தது. பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். இடிதாங்கி என்ற பெயர் இல்லாமல் உங்கள் தட்டு போன முதல் நாள் அது. பேஸ் உள்ளே வந்ததும் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டுவிட்டு வந்து ஆடினாள். எல்லாரும் வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அம்மாவிடம் சொன்னேன். தேநீர் நேரத்தில்தான் சொன்னேன்.

"அப்ப இவ்ளோ நாளா நான் கேட்டது?"

"அண்ணி செஞ்சதும்மா."

"எம்புள்ள போனப்புறம் அவன் எடத்துலயே போய் உக்காந்துகிட்டாளா?"

தட்டை எடுத்து உறையில் போட்டு என் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து முன்னறைக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்தால் தலைவலி என்கிறாள். அரைத்தட்டுக்கு மேல் சாப்பிடுவதும் இல்லை. உங்களைத் திட்டி எழுதச் சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான்காவதை நூறு பிரதிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். உறையில் என்ன பெயர் போட? புதிதாக ஏதாவது பட்டப்பெயர் யோசித்து எழுதுங்கள். எனக்குத் தோன்றியது எல்லாம் சிரிப்பாக இருக்கிறது.

உங்கள் தம்பி


டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் மேசையில் உங்கள் பேனாவால் எழுதி, உங்கள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் ஆலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். உங்களைப் பார்க்கக் கூடாது என்றில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் அத்தை உங்களிடம் மட்டுமே பேசுவார். வரும் வழியில் நின்றிருந்த ஒருவரை நீங்கள் என்று நினைத்து ஒளிந்துகொண்டேன். இல்லை. நீங்கள் நலம் என்று வீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பாத்திரம் கழுவாமல் போயிருக்கிறீர்கள்.

அத்தை கதவைத் திறந்து, "அவன் வேலைக்குப் போயிருக்கான்" என்றார்.

"தெரியும் அத்தை. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வந்து உட்கார்ந்தேன். இளைத்திருக்கிறார். ஜன்னலைப் பார்த்தபடியே, "எதுக்குடி என்னை ஏமாத்துன?" என்றார்.

"நீங்க சாப்பிட்டீங்கன்னு தம்பி எழுதினார்."

புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார். பிறகு கேட்டார். "அவன் செஞ்சது ஒண்ணுகூடவா இல்ல?"

ஒன்று இருந்தது. உங்களிடம்கூடச் சொல்லவில்லை. கடைசி நாள் சாயங்காலம் அவர் தொடங்கியது. வெறும் அடி மட்டும். டெக்னோவில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுமே, காலால் உதைக்கிற மாதிரி, அது. மேலே ஒன்றும் வைக்கவில்லை. அதை ஓடவிட்டுவிட்டு, "மேல என்ன வைக்கலாம்னு காலையில பாக்கறேன்" என்று படுக்கப் போனார். அதை நான் தொடவில்லை. பையில் கொண்டுவந்திருந்தேன். உங்கள் ஒலிபெருக்கியில் போட்டேன்.

அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ஏதாவது வருமா?" என்றார்.

"இல்ல அத்தை. இவ்வளவுதான்."

"முழுக்க இதேவா?"

"முழுக்க இதேதான்."

நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது முடிகிறவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அழுதார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீதான் செய்வியே. இதுக்கு மேல ஏதாவது வச்சுக் குடேன்" என்றார்.

முன்பென்றால் சரி என்றிருப்பேன். "வேணாம் அத்தை. இது அவரோடது. இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அத்தை என்னை நன்றாகப் பார்த்தார். போன வருஷ நவம்பருக்குப் பிறகு இன்றுதான் அப்படிப் பார்க்கிறார்.

"அப்ப உன்னோடது எது? அதைப் போடு."

பையிலிருந்த நான்காவதைப் போட்டேன். பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் உருண்டன. பிடிக்கவில்லை போலிருக்கிறது, தப்பில்லை, உங்கள் அரங்கிலேயே பாதிப் பேர் எழுந்து போனார்கள்தானே என்று எண்ணிக்கொண்டு ஒலியைக் குறைத்தேன்.

உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "எதுக்குக் கொறைக்கிற? கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்!"

கூட்டிவைத்தேன்.

பெயர் கேட்டிருந்தீர்கள். பட்டப்பெயர் வேண்டாம். என் பெயரையே போடுங்கள். முன்னால் இனிஷியல் எழுத்து எதுவும் போட வேண்டாம். என் தலையெழுத்து அதன்பாட்டுக்குத் தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறார். பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அண்ணி